எடைக்குறைப்பு அறுவைசிகிச்சைக்குப் பிறகு உடம்பின் அறிகுறிகளைப் புரிந்துகொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை முடித்து வீட்டுக்கு வருகிறவர் கையில் ஒரு டயட் சீட்டு இருக்கும். எந்த வாரம் நீராகாரம், எந்த வாரம் கடைந்த சாப்பாடு, எந்த மாத்திரை எப்போது என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். "போதும்" என்பதை வயிறு எந்த விதத்தில் சொல்லும் என்று மட்டும் எந்தச் சீட்டிலும் எழுத முடியாது. அது ஆளுக்கு ஆள் வேறு.

எனக்குச் செய்தது ஸ்லீவ் என்ற வகை (அது என்ன என்று படி 1-ல் சொல்கிறேன்). அதற்குப் பிறகு திருப்பூர், காங்கேயம், தாராபுரம் பக்கம் இதே சிகிச்சை செய்துகொண்ட பலரோடு பேசிப் பழகியிருக்கிறேன். எல்லோரும் முட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். வயிறு நிறைந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். புது வயிற்றில் "நிறைந்துவிட்டது" என்று தெரியும்போது எல்லை தாண்டியாகிவிட்டது. அதற்கு முன்னால் வரும் சின்ன அறிகுறிகளைப் பிடிக்கப் பழக வேண்டும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி. உங்கள் டாக்டரோ டயட்டீசியனோ சொன்னதற்கும் இதற்கும் எங்காவது வேறுபாடு இருந்தால் அவர்கள் சொன்னதையே செய்யுங்கள்.

படி 1: உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் போல நீண்ட குழாய். ஆரம்பத்தில் அதில் 100 முதல் 150 மில்லி வரைதான் கொள்ளும். பைபாஸ் என்ற இன்னொரு வகையில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பார்கள். சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமலே போகும்.

அளவு குறைந்தது மட்டும் மாற்றமில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்வளைவில் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுகிறது. இன்னொரு பக்கம், சாப்பாடு குடலுக்கு வேகமாகப் போவதால் "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. அதனால்தான் முதல் சில மாதங்கள் பசியே தெரியாமல் போகிறது. பசி எடுத்தால் சாப்பிடுவது, நிறைந்தால் நிறுத்துவது என்று சின்ன வயதிலிருந்து இருந்த இரண்டு வழிகாட்டிகளும் ஒரே நேரத்தில் மாறிப்போகின்றன. கொஞ்ச நாள் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டியதுதான். பசிக்கவில்லை என்று வேளையைத் தள்ளாதீர்கள்.

படி 2: முதல் சில வாரம், ஆபத்தான அறிகுறிகளை முதலில் படியுங்கள்

இதை நோயாளி மட்டுமல்ல, வீட்டில் கூட இருப்பவரும் படிக்க வேண்டும்.

சின்னத் துளைகள் போட்டு லேப்ராஸ்கோப் வழியாகச் செய்யும்போது வயிற்றுக்குள் கேஸ் செலுத்துவார்கள். அதனால் முதல் சில நாள் தோள்பட்டை வலிக்கும். நடந்தால் குறையும், நாளுக்கு நாள் இறங்கும். அது பயப்பட வேண்டிய வலி இல்லை. ஆனால் வலி இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், சும்மா படுத்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி நின்றால், காய்ச்சல் வந்தால், மூச்சு வாங்கினால், வயிற்றுக்குள் தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம். வெட்டிய கோட்டிலோ இணைப்பிலோ ஏற்படும் கசிவைக் காய்ச்சலுக்கு முன்பே நாடித்துடிப்பு காட்டிக்கொடுப்பது உண்டு. காலை, மாலை இரண்டு வேளையும் நாடியை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம் எதுவானாலும் காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள். அறுவைசிகிச்சை செய்த ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள்.

வெள்ளகோவில், கொடுமுடி மாதிரி ஊர்களிலிருந்து ராத்திரியில் கோயம்புத்தூர் வரை போக முடியாமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். "எனக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்குதுங்க" என்பதை உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இந்த வாரங்களில் அடிக்கடி வரும் தொந்தரவு நீர்ச்சத்துக் குறைவு. பழைய மாதிரி ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்க முடியாது. தாகம் எடுத்த பிறகு குடித்து ஈடுகட்டவும் முடியாது. பக்கத்தில் பாட்டில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வாய் வாயாகக் குடித்து, டாக்டர் வேறு அளவு சொல்லாவிட்டால், ஒன்றரை லிட்டராவது சேர்க்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். சித்திரை வெயிலில் தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

படி 3: "போதும்" என்ற சொல்லைப் பிடியுங்கள்

இதுதான் முழு வழிகாட்டியின் மையம். நிதானமாகப் படியுங்கள்.

கடைந்த சாப்பாடு தொடங்கியதும், பச்சைப்பயிறு கடைசலையோ கொள்ளுப்பருப்பையோ ஒரு சின்னப் போசியில் நாலைந்து ஸ்பூன் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஊட்டும் ஸ்பூன் நல்லது. ஒரு வாய் எடுத்ததும் ஸ்பூனைக் கீழே வையுங்கள். கூழாகும் வரை மெல்லுங்கள். விழுங்கிவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். அந்த அரை நிமிடம்தான் காது கொடுக்கும் நேரம். டிவி ஓடக்கூடாது, போன் பார்க்கக்கூடாது. ஒரு வேளைக்கு இருபது முதல் முப்பது நிமிடம் ஆகட்டும்.

சில வாய் போனதும் ஏதாவது ஒன்று நடக்கும். எனக்கு மூக்கில் தண்ணீர் வரும். காரம் இல்லாத தயிரைச் சாப்பிட்டாலும் ஒரு கட்டத்தில் மூக்கைத் துடைக்க வேண்டியிருக்கும். கைக்குட்டையைத் தேடுகிறேன் என்றால் சாப்பாடு முடிந்தது. எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்குத் தொடர்ச்சியாக இரண்டு தும்மல் வரும். வேறொருவருக்கு ஒற்றை விக்கல். சிலருக்குத் தானாக ஒரு பெருமூச்சு வெளிவரும், சிலருக்குச் சின்ன ஏப்பம், சிலருக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே லேசான அழுத்தம், சிலருக்கு இடது தோளில் ஒரு பிடிப்பு. சிலருக்கு இவை எதுவும் இல்லை, அந்த உணவின் ருசி மட்டும் சட்டென்று மங்கிவிடும். முதல் வாய் தேனாக இருந்தது ஆறாவது வாயில் சாதாரணமாகிவிட்டால், அதுவும் ஓர் அறிகுறி.

இதில் உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு வேளையும் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை ஸ்பூனில் நிறுத்தினீர்கள், நிறுத்துவதற்குச் சற்று முன் உடம்பில் என்ன நடந்தது. மூன்றாவதைத்தான் எல்லோரும் எழுதாமல் விடுகிறார்கள். அதுதான் வேண்டும். சில வாரம் எழுதினால் ஒரே குறி திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

குறி வந்ததும் நிறுத்துங்கள். "இன்னும் ஒரே ஒரு வாய்தானே" என்ற அந்த ஒரு வாயில்தான் நெஞ்சடைப்பும் வாந்தியும் இருக்கிறது. போசியில் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். சோற்றை வீணாக்கக்கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது மனதுக்குக் கஷ்டம், எனக்குப் புரிகிறது. அதற்கு வழி, எடுக்கும்போதே குறைவாக எடுப்பது.

சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பிடும்போது ரசமும் மோரும் ஊற்றிக் கரைத்துக் குடித்தால் சாப்பாடு வேகமாகக் கீழே இறங்கிவிடும், போதும் என்ற குறி மங்கிப்போகும்.

படி 4: நிறைந்ததா, சிக்கியதா?

இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் வேறு. நிறைந்தால் அழுத்தம் மெல்லக் கூடும். சிக்கினால் திடீரென்று நெஞ்சின் நடுவில் கல் வைத்தாற்போல வலிக்கும், வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், வேர்க்கும். பெரும்பாலும் மூன்று காரணம்: வேகமாகச் சாப்பிட்டது, சரியாக மெல்லாதது, உலர்ந்த அல்லது பசையான உணவு. நம் பக்கத்துச் சாப்பாட்டில் சிக்குபவை: பரோட்டா, பிரெட், குழைந்து ஒட்டிக்கொள்ளும் சோறு, ராகிக்களி, வறண்டுபோன சிக்கன் துண்டு, நன்றாக வெந்துபோன ஆம்லெட். பள்ளிபாளையம் சிக்கன் எவ்வளவு பிடித்தாலும் ஆரம்ப மாதங்களில் வேண்டாம். எலும்போடு மெதுவாக வெந்த குழம்புக்கறியின் மெத்தென்ற பகுதி, அதுவும் டாக்டர் அனுமதித்த பிறகு, சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சாப்பிடலாம்.

சிக்கிவிட்டால் தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள், மேலே நிரம்பி வாந்தியாகத்தான் வரும். சாப்பிடுவதை நிறுத்துங்கள், எழுந்து நில்லுங்கள், வாசலில் மெல்ல நடங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். சில மணி நேரமாகியும் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். எப்போதோ ஒருமுறை சிக்குவது வேறு. தினமும் வாந்தி வருவது சாதாரணமில்லை, "ஆபரேஷன் பண்ணினா அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சாப்பாடு இறங்கும் வழி சுருங்கியிருக்கலாம், எண்டோஸ்கோபி பார்த்துச் சரிசெய்ய முடியும்.

தொடர்ந்து வாந்தி இருந்தால் இன்னொரு ஆபத்து, தயாமின் என்ற பி1 வைட்டமின் வேகமாகத் தீர்ந்துபோவது. பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம், பாதம் மரத்துப்போவது அதன் அறிகுறிகள். இப்படிப்பட்டவருக்குத் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நரம்புப் பாதிப்பு மோசமாகலாம். "பி1 ஊசி முதல்ல போடணுமாங்க?" என்று தயங்காமல் டாக்டரிடம் கேளுங்கள்.

படி 5: இது எந்தப் பசி?

வயிற்றுப் பசி மெல்ல வரும். எதைக் கொடுத்தாலும் சரி என்னும், சோர்வும் கூட வரும். மனப்பசி திடீரென்று வரும், குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும். பொழுதோட நாலு மணிக்குப் பேக்கரி வாசலைத் தாண்டும்போது டீயும் தேங்காய் பன்னும் வேண்டும் என்று தோன்றுகிறதே, அது வயிறு கேட்பதில்லை. "இப்ப ஒரு அவிச்ச முட்டை கொடுத்தா சாப்பிடுவேனா?" என்று உங்களையே கேளுங்கள். ஆமாம் என்றால் பசி. முட்டை வேண்டாம், பன்தான் வேண்டும் என்றால் மனம்.

மூன்றாவது ஒன்று உண்டு: அமிலம். நெஞ்சுக்குழியில் எரிச்சலோ கிள்ளுவது போலவோ இருந்து, சாப்பிட்டதும் அடங்கி, மறுபடி வந்தால் அது பசி போலவே நடிக்கும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது அதிகம். அதற்குச் சாப்பாடு மருந்தில்லை, டாக்டர் எழுதிக்கொடுத்த அமிலக் குறைப்பு மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டும். நாலாவது, தாகம். எதுவென்று தெரியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக் கால் மணி நேரம் பொறுங்கள்.

உண்மையான பசிக்கு முதல் வாய் புரதமாக இருக்கட்டும். பெரும்பாலான டயட்டீசியன்கள் நாளுக்கு 60 கிராமாவது புரதம் கேட்பார்கள். நாமக்கல் முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் இருக்கிறது. பன்னீர், மீன், சிக்கன், பயறு எல்லாம் சேர்த்துத்தான் எண்ணிக்கை வரும். கொள்ளு உடம்புக்கு நல்லது, எடை குறைக்கும் என்று கொள்ளு ரசமாகவே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். புரதம் பருப்பில் இருக்கிறது, வடித்த தண்ணீரில் மிகக் குறைவு. கடைந்து சாப்பிடுங்கள். அரிசிம்பருப்பு சாதம் எல்லோருக்கும் உயிர்தான், ஆனால் அதில் பெரும்பங்கு அரிசி. முட்டையையோ பன்னீரையோ முதலில் முடித்துவிட்டு, இடம் இருந்தால் அதில் இரண்டு ஸ்பூன்.

படி 6: இனிப்புக்குப் பின் வரும் நடுக்கம்

பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம். டம்பிங் என்பார்கள். சர்க்கரை நிறைந்த உணவு சட்டென்று குடலில் இறங்கும்போது, சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வேர்வை, வயிற்றைப் பிசைவது, பேதி வரும், உடனே படுக்க வேண்டும் போலிருக்கும். இது முதல் வகை. ஒப்புட்டு, கச்சாயம், தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றிய சந்தகை, கரும்புச்சாறு எல்லாம் இதைக் கிளப்பும். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் வெள்ளைச் சர்க்கரையைவிட நல்லது என்று நம் ஊரில் நம்பிக்கை உண்டு. டம்பிங் விஷயத்தில் எல்லாம் ஒன்றுதான்.

இரண்டாவது வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். ரத்தச் சர்க்கரை ஏறி, இன்சுலின் அதிகமாகச் சுரந்து, சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். கை நடுங்கும், குளிர்ந்த வேர்வை, கொலைப்பசி, தடுமாற்றம். சாப்பிட்டது மதியம், நடுக்கம் சாயந்தரம் என்பதால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நோட்டில் நேரத்தோடு எழுதினால் தெரிந்துவிடும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மிஷின் இருந்தால் அந்த நேரத்தில் ஒரு சொட்டு பாருங்கள். குறைந்திருந்தால் கொஞ்சம் குளுக்கோஸ், அது ஏறியதும் புரதமாக ஏதாவது ஒரு வாய். வண்டி ஓட்டும்போது வந்தால் ஓரம் கட்டுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் நோட்டைக் காட்டுங்கள்.

படி 7: மெதுவாக வரும் அறிகுறிகள்

சர்க்கரை மாத்திரை, பிபி மாத்திரை போடுபவர்களுக்குத் தலைசுற்றல் என்பது பல நேரம் நல்ல செய்தியின் மறுபக்கம். எடை இறங்கியதும் பழைய டோஸ் அதிகமாகிவிடுகிறது. தானாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை, பிபி அளவுகளை எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி டோஸைக் குறைத்து வாங்குங்கள்.

மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை முடி கொட்டும். வேகமான எடைக்குறைவின் விளைவு, பெரும்பாலும் தானாக நிற்கும். புரதமும் இரும்பும் போதுகிறதா என்று மட்டும் பாருங்கள். பச்சரிசியை மென்று தின்ன வேண்டும், ஐஸ் கட்டியைக் கடிக்க வேண்டும், திருநீற்றை வாயில் போட வேண்டும் என்று ஆசை வந்தால் பழக்கதோஷம் என்று விடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம் அது. கைகால் மதமதப்பு, நாக்கு எரிச்சல், மறதி என்றால் பி12 பாருங்கள். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், இரும்பை டீ, காபியோடு போடாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் நிறைய. இந்தக் குறைகள் சொல்லாமல் வருபவை. இங்கே உணர்வை நம்ப முடியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே வலி கிளம்பி முதுகுக்குப் போனால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், ஒரு ஸ்கேன் போதும். மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், பைபாஸ் இணைப்பில் புண் வரலாம்.

படி 8: விருந்து வீட்டில்

நம் பக்கத்தில் வயிற்றின் பேச்சைக் கேட்க விடாமல் செய்வது பாசம்தான். நோம்பிக்குக் காங்கேயத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். இலையில் கறியும் ரசமும் எல்லாம் இருந்தன. இரண்டு துண்டு முடிந்தபோதே எனக்கு மூக்கில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன கண்ணு, கோழி கொத்துறாப்புல சாப்புடற? இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்க சாமி."

"போதுங்கத்தை. இதுக்கு மேல போனா வாந்தி வந்துருங்க. பொழுதோட மறுபடியும் நீங்களே போடுங்க, சாப்படறேன்."

மறுப்பதைவிட நேரம் குறித்துத் தருவது நன்றாக வேலை செய்கிறது. போடுகிறவருக்கு வேண்டாம் என்ற சொல் வலிக்கும், அப்புறம் என்ற சொல் வலிக்காது. கல்யாணப் பந்தியில் அது முடியாது. பந்தியின் வேகமே வேறு. பக்கத்து இலை முடியும்போது நாமும் எழ வேண்டும் என்ற அவசரத்தில் மெல்லாமல் விழுங்கிவிடுவோம். முடிந்தால் வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பந்தியில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்றால் முதலிலேயே இலையில் பாதியை மடித்துக்கொள்ளுங்கள், பரிமாறுகிறவர் புரிந்துகொள்வார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இவ்வளவுதானா சாப்பிட்டீங்க?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்குத் தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?" என்று கேளுங்கள்.

படி 9: ஒரு வருடத்துக்குப் பிறகு

பசி திரும்பி வரும். சிலருக்கு ஆறு மாதத்தில், பலருக்கு ஒரு வருடம் ஒன்றரை வருடத்தில். அறுவைசிகிச்சை தோற்றுவிட்டது என்று அழுதபடி போன் செய்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. கொள்ளளவும் கொஞ்சம் கூடும், அறிகுறிகள் முன்னைப்போலச் சத்தமாகக் கேட்காது. எனக்கு இப்போது மூக்கில் தண்ணீர் வருவது குறைந்துவிட்டது, பெருமூச்சை வைத்துத்தான் நிறுத்துகிறேன். அதனால் நோட்டை மறுபடி எடுத்துச் சில வாரம் எழுதுங்கள், புதுக் குறி எது என்று தெரியும்.

இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டியது, எந்தக் குறியும் தராமல் வழுக்கிக்கொண்டு போகும் உணவுகள். மிக்சர், முறுக்கு, நேந்திரம் சிப்ஸ், பிஸ்கட், ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட காபி. வாயில் கரைந்து நேரே இறங்கிவிடும். ஒரு முட்டையில் நிறைந்துபோகும் வயிறு, ஒரு பொட்டலம் மிக்சரை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும். இவற்றுக்கு வயிற்றை நம்பிப் பயனில்லை, கடையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். மதுவும் அப்படித்தான். பைபாஸ், ஸ்லீவ் இரண்டிலுமே வேகமாக ரத்தத்தில் ஏறும், பழைய அளவு இப்போதைய அளவு இல்லை.

குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் ஒன்றரை வருடம் பொறுங்கள். எடை குறையும்போது மாதவிலக்கு சீராகிக் கரு எளிதில் தரிக்கும் என்பதால் இதை டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

எடை சில கிலோ ஏறினால் ஒளிந்துகொள்ளாதீர்கள். பரிசோதனைக்குப் போக வெட்கப்பட்டு வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களுக்குத்தான் பி12-ம் இரும்பும் அடிமட்டத்துக்குப் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏறிய எடையோடே போங்கள், நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த வேளையில் குறி தவறுகிறது என்று டயட்டீசியன் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.